முகம் முதலில்

சுன்னாகத்தில், கே.கே.எஸ். வீதியில்,
வெங்காய லொறிகள் பின்னுக்கு எடுக்கும் இடத்துக்கு எதிரே
ஒரு வங்கியின் கண்ணாடிக் கதவடியில்
எட்டரை தொடக்கம் நாலரை மட்டும் நிற்கிறேன்.
சட்டைப்பையில் பெயர்: அருளப்பு.
தோளில் கம்பனித் துவக்கு, இரட்டைக் குழல்,
என்னைவிட நாலு வயது மூப்பு.

அதை நான் சுட்டது ஒரேயொரு நாள்,
பயிற்சிக்கென்று கூட்டிப்போன தரவையில்,
ஒரு தகரத்தை நோக்கி.
தகரம் தப்பிவிட்டது.

எனக்கென்று சில ஒழுங்குகள் உண்டு.
குழலின் வாய் என் இடது சப்பாத்துக்கு அரை முழம் தள்ளி
சீமெந்துத் தரையின் வெடிப்பைப் பார்க்கும்.
விரல் வில்லுக்கு வெளியே.
தேத்தண்ணி வந்தால் ஆறட்டும்,
ஆள் மாற்றும் வரைக்கும் தொடமாட்டேன்.
"மாமா, உண்மைத் துவக்கோ?" என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்டால்
"ஓம்." அதோடு கதை முடிந்தது.
படம் எடுக்க விடுவதில்லை.

போன வருசம் நகை ஏலம் போன ஒருவன்
என் தாயை இழுத்து ஏசினான்.
வெறுங்கையோடு நின்றிருந்தால் நானும் ஏசியிருப்பேன்.
துவக்கு இருந்தது. ஒரு அடி பின்னால் வைத்தேன்.
அன்றைக்கு வீட்டில்
பதினொரு தேங்காய் உரித்தேன்.
எங்களுக்குத் தேவை ஒன்று.

பொங்கல் முடியத் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம்.
ஆயுதம் நெஞ்சுக்குக் குறுக்காக,
வாடிக்கையாளருக்கு நன்றாகத் தெரியும்படி.
"நம்பிக்கை வருமாம் அண்ணை" என்றார் முகாமையாளர் கோசிகன்,
வாசித்த கையோடு சுவரில் ஒட்டினார்.

அன்று ஒருநாள் அப்படியே நின்றேன்.

காசு மெசினுக்கு நின்ற வரிசை வளைந்தது.
யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
குழல் பார்த்த பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு
அரிவாள் மாதிரி ஒரு வளைவு;
வளைந்தவர்கள் எல்லாம் நாற்பது தாண்டியவர்கள்.
விட்ட வெளியில், நேர் எதிரே,
ரியூசன் பெடியன் ஒருவன் போனுக்குள் தலையை விட்டபடி.
அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை.
தெரியாமல் நின்றது எனக்குப் பிடித்திருந்தது.
குழலைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு பூமலர் வந்தா.
(பெயர், உள்ளே கவுண்டரில் கூப்பிடக் கேட்டது.)
என்னைக் கண்டதும் குடையைச் சுருக்கிக் கமக்கட்டில் இடுக்கி
கைப்பையின் சிப்பை இழுத்து
விரித்துப் பிடித்தா, என் முகத்துக்கு முன்னால்.
நான் கேட்கவில்லை.
கேட்க எனக்கு அதிகாரமும் இல்லை.
அடகு ரசீது, பனடோல் அட்டை,
நாலாய் மடித்த ஷொப்பிங் பை.
அடையாள அட்டை தனியாக, விரல்களுக்கிடையில், தயாராக.

"அம்மா, இது வங்கி."
"தெரியும் தம்பி."
பையை மூடவில்லை.
பார்த்து முடிந்தது என்று நான் தலையசைக்கும் வரைக்கும்.

தலையசைத்தேன்.
அந்த அசைப்பு இன்னும் என் கழுத்தில் கிடக்கிறது.

அடுத்த நாள் இடம் மாறினேன்,
தூணுக்கு இந்தப் பக்கம்.
வருகிற ஆளுக்கு என் முகம் முதலில் தெரிய வேணும்.
துவக்கு பிறகு, அதுவும் தேடினால்.
கோசிகன் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
கடிதம் சுவரில்தான் இருக்கிறது.
பூமலர் மாசியிலும் வந்தா.
அப்போதும் பையைத் திறந்தா.

நாலரைக்குத் தோட்டாக்களை எண்ணி ஒப்படைக்கிறேன்.
இரண்டுதான். என்றாலும் எண்ணுவேன்.
கொப்பியில் ஒப்பம் வைத்து
ஏழாலைப் பக்கம் சைக்கிளை மிதிக்கிறேன்,
வலது தோள் கொஞ்சம் பதிந்து.
முந்திச் சென்றி இருந்த சந்தியில்
இப்போது போன் திருத்தும் கடை, பச்சை லைற்.
மறிக்க ஒருவரும் இல்லை.

இறங்குகிறேன்.
உருட்டிக்கொண்டு கடந்து
மற்றப் பக்கத்தில் ஏறுகிறேன்.